ஏட்டை வினாவிப் படித்தல்: கல்முனைக் கரையும் 4,000 பேரும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வளரும் மாணவன் ஒருவன், தன் முன்னோர் இக்கரைக்கு எப்பொழுது வந்தனர் என்று வினாவுவானாயின், அவனுக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டும் ஓர் எண்ணுமே விடையாகக் கிடைக்கும். ஆண்டு 1626, எண் 4,000. போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தினின்றும் சோனகரை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களை வரவேற்று, அவருள் 4,000 பேரை மட்டக்களப்பில் இருத்தினான். இதுவே அச்செய்தி. கட்டுரைகளிலும் விழா மலர்களிலும் மேடைப் பேச்சுக்களிலும் இது பலகாலும் எடுத்தாளப்பெற்றுள்ளது. கேட்போர் தலையசைப்பர், எழுதுவோர் குறித்துக்கொள்வர், இதனைச் சொன்னவர் யார் என்று கேட்போர் சிலரே.

உயர்கல்விக்குரிய வாசிப்பு எத்தகையது என்பதே நான் இங்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள். விதிகளை அடுக்கிக் கூறுவதினும், நேயர் அனைவரும் அறிந்த இவ்வொரு செய்தியைக் கையில் எடுத்து, அதனைப் படிக்கும் முறையைப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகின்றேன். பரீட்சைக்காகப் படிக்கும் வாசிப்பு நமக்கு நன்கு பழகியது. ஆசிரியர் சொன்னதைக் கொப்பியில் எழுதி, கொப்பியில் உள்ளதை மனத்திற் பதித்து, மனத்திலுள்ளதை விடைத்தாளிற் கொட்டிவிட்டு வருவது அவ்வாசிப்பு. அதனை நான் இகழவில்லை, மனனமின்றிக் கல்வியில்லை. ஆயினும், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்த மாணவனுக்கு அது மட்டும் போதாது. அங்கு அவன் கையில் ஒரு நூலன்று, ஒன்றோடொன்று மாறுபடும் பல நூல்கள் தரப்படுகின்றன. எதனை மனனஞ் செய்வது?

மேலே கூறிய செய்தி வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்ட காலந்தொட்டு, காணி பற்றியும் நிருவாக எல்லை பற்றியும் இப்பகுதியில் எழுந்த வழக்குகள் பல. அவ்வழக்குகளிடையே 1626 என்னும் ஆண்டு இருவேறு வகையாக எடுத்துக் காட்டப்படுவதுண்டு. ஒரு சாரார், 'இவர் அன்றுதான் வந்தவர். அதற்கு முன் இங்கு இல்லாதவர்' என்பர். மற்றொரு சாரார், 'மன்னனே எம்மை இங்கு இருத்தினான். இதனினும் மேலான உரிமைச் சாசனம் உண்டோ?' என்பர். இருவரும் எடுத்துக் காட்டுவது ஒரே செய்தியை. இருவருள்ளும் அச்செய்தியின் மூலநூலை விரித்துப் பார்த்தவர் அரியர்.

மூலநூல் எது? பெர்னாவோ த குவெய்றோஸ் என்னும் போர்த்துக்கேய இயேசுசபைப் பாதிரியார், இலங்கையில் போர்த்துக்கேயர் நிகழ்த்திய உலகியல், ஆன்மிக வெற்றிகளைப் பற்றி எழுதிய பெருநூல் அது. அவர் அதனை எழுதியது கோவாவில். இலங்கை மண்ணில் அவர் காலடி வைத்ததில்லை. நூலை முடித்தபின் 1688இல் அவர் காலமானார். எனவே, 1626இல் நிகழ்ந்ததை அவர் எழுதி முடித்தபோது ஏறக்குறைய 60 ஆண்டுகள் கடந்திருந்தன. கையெழுத்துப் பிரதியாக நெடுங்காலம் கிடந்த அந்நூல் 1916இல் கொழும்பில் போர்த்துக்கேய மொழியில் அச்சேறியது, எஸ். ஜி. பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வெளிவந்தது. நம்மவர் எடுத்தாள்வது பெரும்பாலும் அம்மொழிபெயர்ப்பையே; அன்றி, அதனை எடுத்தாண்ட வேறொருவரை; அன்றி, அவரை எடுத்தாண்ட இன்னொருவரை. ஊருக்கு வந்து சேரும்போது அச்செய்தி பல கை மாறிய நாணயம் போன்று தேய்ந்து, எழுத்து அழிந்து, எண் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

இனி, அப்பாதிரியார் எதற்காக எழுதினார் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்து, இலங்கை முற்றாகப் போர்த்துக்கேயர் கையினின்றும் ஒல்லாந்தரிடம் போய்விட்டது. இழந்ததை மீட்கவேண்டும் என்று தம் நாட்டாரைத் தூண்டுவது குவெய்றோசின் நோக்கங்களுள் ஒன்று. முன்னையோர் செய்த பிழைகளை எடுத்துக் காட்டுவதும், பகைவரின் பலத்தை உணர்த்துவதும் அந்நோக்கத்திற்கு வேண்டியன. அவர் பொய் சொன்னார் என்பது இதன் பொருளன்று. பல ஆவணங்களும் பலர் தந்த குறிப்புக்களும் அவர் கையில் இருந்தன. இன்று மறைந்துபோன சில செய்திகளை அவர் ஒருவரே காத்துத் தந்துள்ளார். ஆனால் ஒரு நோக்கத்தோடு எழுதுபவர் எண்ணைக் குறிக்கும்போது, அவ்வெண்ணை நாம் ஒருமுறைக்கு இருமுறை நிறுத்துப் பார்ப்பது முறை.

நிறுத்துப் பார்த்தல் நம் மரபுக்குப் புதிதன்று. 1377இல் இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலுக்கு எழுதிய முகவுரையில், அதாவது புகழ்பெற்ற 'முகத்திமா'வில், முன்னையோர் சொன்ன ஓர் எண்ணைத்தான் முதலில் எடுத்து ஆராய்கின்றார். மூசா நபி அவர்களின் காலத்து இஸ்ரவேலர் படையில் 600,000 பேருக்கு மேல் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர் மசூதி எழுதியிருந்தார். அத்துணைப் பெரும்படையை ஒரு நாடு தாங்குமா? ஓர் அணி மற்றோர் அணியைக் காணமுடியாத அத்துணை நீண்ட வரிசையில் நின்று எவ்வாறு பொருதுவது? யாக்கூப் நபியின் மக்கள் எகிப்துக்குச் சென்ற காலத்துக்கும் இதற்குமிடையே சென்ற தலைமுறைகள் எத்தனை; அச்சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் இவ்வளவு பெருகுமா? இவ்வாறு நிலத்தையும் போர்முறையையும் பிறப்பு வளர்ச்சியையும் கொண்டு அவ்வெண்ணை அவர் நிறுக்கின்றார். சொன்னவர் பெரியார் என்பதற்காக அவர் தயங்கவில்லை. நம் அறபு மத்றசாக்களில் ஓதும் பிள்ளையும் இதன் அடிப்படையை அறிவான். ஒரு நபிமொழியை ஏற்குமுன், யார் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது, இருவரும் ஒரு காலத்தவரா என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வது அக்கலையின் உயிர். ஹதீதுக்கு அவ்வளவு கண்டிப்புக் காட்டும் நாம், ஊர் வரலாற்றுக்கு மட்டும் ஏன் கதவை அகலத் திறந்துவிட்டோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

தமிழ் இலக்கண மரபும் இதிற் பின்னின்றதில்லை. பவணந்தியாரின் நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன்னரே, நூலை எவ்வாறு பயில்வது என்று பாயிரத்திற் கூறுகின்றது. கேட்டதை நினைத்தலோடு அது நிற்கவில்லை. ஒத்த கல்வியாளருடன் பயில்தலையும், வினாவுதலையும், பிறர் வினாவியதற்கு விடையிறுத்தலையும் பயிற்சியின் கூறுகளாக வைக்கின்றது. மற்றோரிடத்தில், நூலாசிரியன் பிறர் கருத்தை நோக்கி நிற்கும் நிலைகளை எண்ணுகின்றது: உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவது ஒன்று, இருவர் மாறுபடுமிடத்து ஒரு பக்கத்தைத் துணிவது ஒன்று, இவ்வாறு ஏழு. ஏழில் உடன்பாடு ஒன்றுதான் என்பதை மாணவர் கவனிக்க.

இந்நிலைகளை ஏட்டிலன்றி வாழ்விற் காட்டியவர் ஒருவர் கல்முனைக்குத் தெற்கே அயலிலேயே பிறந்தார். காரைதீவில் 1892இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்றவர். 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். அவருடைய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றையும் அவற்றிற்கு எழுந்த உரையையும் பலரும் படித்திருந்தனர். யாழோ வழக்கொழிந்து போயிருந்தது. அவர், சொல்லுக்குச் சொல் பொருள்காண்பதோடு அமையாது, நரம்புகளின் அளவைக் கணக்கிட்டு, இசைச் சுருதிகளை எண்ணாக்கி, உரை கூறுவது ஒலிக்குமா ஒலிக்காதா என்று சோதித்தார். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, போர்க்கால உணவு உற்பத்தியை நடத்தியதோடு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், விபுலாநந்தரோடு நட்புப் பூண்டிருந்தார். நிருவாகியாக வந்தவர் பின்னர் 'இலங்கையில் இஸ்லாம்' என்னும் நூலைத் தமிழில் எழுதும் நிலைக்கு வளர்ந்தமைக்கு இக்கரையின் கல்விச் சூழலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மீண்டும் முன்னோர் பற்றிய வினாவுக்கு வருவோம். அவ்வினாவை முன்வைத்து இந்நாட்டில் நடந்த மிகப் பெரிய எழுத்துப்போர் ஒன்று உண்டு. 1888இல், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஓர் ஆராய்ச்சியுரை படித்தார். மொழி, வரலாறு, சமூக வழக்கங்கள், உடலமைப்பு என்னும் நான்கையும் கொண்டு, சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் இஸ்லாமியர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 19 ஆண்டுகளுக்குப் பின், 1907இல், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு ஒரு மறுப்பு நூலே எழுதினார். மொழி ஒன்றே குலத்தைக் காட்டாது என்பது அம்மறுப்பின் உயிர்நாடி. வணிகத்தின் பொருட்டு வந்து தங்கியவர் தாம் வாழும் நிலத்தின் மொழியை ஏற்பர். அதனால் அவர்தம் முன்னோர் மாறிவிடமாட்டார் என்றார்.

இவ்விரு நூல்களையும் நம்மிடையே படிக்கும் முறை விசித்திரமானது. ஒரு சாரார் இராமநாதனை மட்டும் படிப்பர். மற்றொரு சாரார் அவரைப் படியாமலே அப்துல் அஸீசைப் படிப்பர். மறுக்கப்பட்ட நூலைப் பாராது மறுப்பைப் படிப்பது, வழக்கில் ஒரு பக்கத்து அப்புக்காத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதை ஒக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கு முதலிற் புலனாவது காலம். 1888இல் இராமநாதன் சட்டநிரூபண சபையில் தமிழர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். 1889இல் சபை விரிவுபெற்று, முஸ்லிம்களுக்கென ஒரு நியமன உறுப்பினர் முதன்முறையாக இடம்பெற்றார், அவர் எம். சி. அப்துல் றஹ்மான். சோனகர் தனி இனமா என்னும் வினாவுக்கு அக்காலத்தில் ஒரு நாற்காலியும் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மறந்து அவ்வுரையைப் படிக்கலாகாது. அதுபோலவே, மறுப்பு எழுதியவரும் தம் சமூகத்தின் தனித்தன்மையை நிலைநாட்ட முயன்ற சோனகர் சங்கத்தின் தலைமகன் என்பதையும் மறத்தலாகாது.

இங்கே ஒரு தடை கூறுவோர் உண்டு. 'நோக்கம் இருந்தது என்று காட்டிவிட்டால் வாதம் விழுந்துவிடும் அன்றோ?' என்பர். விழாது. நோக்கத்தை அறிவது, எவ்விடத்தில் விழிப்பாயிருக்க வேண்டும் என்று நமக்குக் காட்டும், அவ்வளவே. மொழி குலத்தைக் காட்டாது என்னும் அப்துல் அஸீசின் நியாயம், அவர் எந்தச் சங்கத்தவராயினும் நியாயமே. சோனகரின் வாழ்க்கை வழக்கங்கள் பல தமிழர் வழக்கங்களோடு ஒத்திருக்கின்றன என்னும் இராமநாதனின் அவதானம், அவர் எந்தச் சபையில் இருந்தாலும் அவதானமே. அந்த ஒப்புமையிலிருந்து 'ஆகவே இவர் தமிழரே' என்ற முடிவுக்குத் தாவும் இடத்திலேதான் மாணவன் கோலூன்றி நிற்க வேண்டும். அவ்வாறே, 'மொழி குலத்தைக் காட்டாது' என்பதிலிருந்து 'ஆகவே இவர் அறபியரே' என்று தாவும் இடத்திலும் நிற்க வேண்டும். இரண்டு தாவல்களும் ஒரே அகலமுடையன.

அறபு வழித்தோன்றல் பற்றிய செய்திக்கும் ஓர் ஏடு உண்டு. இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த சர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்தன், இந்நாட்டு முஸ்லிம்களிடம் கேட்டறிந்த மரபை 1827இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் பதிவுசெய்தார். கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்கு அஞ்சி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹாஷிம் குலத்தார் அறபு நாட்டினின்றும் வெளியேறினர். அவருள் ஒரு பகுதியார் இலங்கையில் எட்டு இடங்களிற் குடியமர்ந்தனர் என்பது அம்மரபு. இதனைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர் கல்முனைக் கரையிலும் உண்டு. ஆனால் அவ்வெட்டு இடங்கள் எவை? திருகோணமலை, யாழ்ப்பாணம், மாதோட்டமும் மன்னாரும், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி. மட்டக்களப்பு இல்லை. கல்முனை இல்லை. நம் ஊரின் பெருமைக்கு நாம் காட்டும் ஏட்டில் நம் ஊரே இல்லை! மேலும், அந்தக் கலீபா 705இல் இறந்தார், பதிவானதோ 1827இல். இடையே 1,100 ஆண்டுகளுக்கு மேல் வாய்மொழியாக வந்த செய்தி அது. அதனால் அது பொய் என்பதன்று. 19ஆம் நூற்றாண்டின் முஸ்லிம்கள் தம் தொடக்கத்தைப் பற்றி என்ன நம்பினர் என்பதற்கு அது முதல்தரச் சான்று. எட்டாம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்பதற்கோ அது மிக மெலிந்த சான்று. ஒரே ஏடு ஒரு வினாவுக்கு உறுதியான சாட்சியாகவும் மற்றொரு வினாவுக்குத் தளர்ந்த சாட்சியாகவும் நிற்பதை உணர்ந்தவனே வரலாறு படிக்கத் தொடங்கியவன் என்பேன். பட்டியலில் இல்லாமையும் இன்மைக்குச் சான்றாகாது. கேட்டவருக்குச் சொன்னவர் எந்தக் கரையினர் என்பதைப் பொறுத்தது அது.

இக்கண்கொண்டு 4,000 பேரிடம் மீண்டும் செல்வோமாயின், வினாக்கள் தாமே எழுகின்றன. குவெய்றோஸ் 'மூர்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லை ஆள்கின்றார். அது சமயத்தைக் குறித்து வழங்கிய பெயர். அறபியரோ, காயற்பட்டினத்தவரோ, மலையாளக் கரையினரோ, உள்ளூரவரோ, யாவரும் அவருக்கு அவ்வொரு சொல்லே. தமிழில் நாம் 'சோனகர்' என்று பெயர்க்கும்போது, 'யவனர்' என்னும் பழஞ்சொல்லோடு தொடர்புடைய வேறொரு சொல்லையும் அதன் வேறொரு வரலாற்றையும் உள்ளே நுழைத்துவிடுகின்றோம். 4,000 பேர் என்பது ஆயுதம் தாங்கத்தக்க ஆடவரா, பெண்டிரும் பிள்ளைகளும் சேர்ந்த தொகையா? மட்டக்களப்பு என்பது ஒரு துறையா, வெருகல் முதல் தெற்கே நீண்ட நாடு முழுவதுமா? 1628இல், அதாவது இரண்டே ஆண்டுகளில், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டி அமர்ந்துவிட்டனர்; 1638வரை அது அவர்கள் கையில் இருந்தது. யாருக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அவர்களே அயலில் வந்து பாசறையிட்டபோது, வந்தவர் அனைவரும் அங்கேயே இருந்தனரா? யாவற்றினும் மேலாக, வந்தவரைப் பற்றிய செய்தி, முன்னரே இருந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு விருந்தினர் வந்தனர் என்று எழுதிய கடிதம், அவ்வீட்டில் அதுவரை எவரும் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகுமோ?

ஊரின் வாய்மொழி மரபு வேறொரு கதை சொல்கின்றது. முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நடந்த போரில் பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர். வென்றபின் அவர்களுக்கு நிலமும் மணவுறவும் கிடைத்தன என்பது அது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூல், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி. சீ. கந்தையாவின் 1964ஆம் ஆண்டு மட்டக்களப்புத் தமிழகம் ஆகியவற்றை இது தொடர்பாக மாணவர் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். திமிலர் மீண்டும் வராதவாறு காவல் இருந்த இடமே ஏறாவூர் ஆயிற்று என்பது போன்ற பெயர் விளக்கங்கள் கேட்க இனியவை; ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் பெயர் தோன்றிய பின்னர்த் தோன்றியவை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

ஆயினும் அக்கதையில் ஒரு செய்தி இருக்கின்றது. குவெய்றோசிலும் ஜோன்ஸ்தனிலும் இல்லாத செய்தி. அது பெண்கள். இராமநாதனும் அப்துல் அஸீசும் வாதாடியது கொழும்பில். அவர்கள் வாதத்தில் நடுநாயகமாக நின்ற வினா, வந்த ஆடவர் யார் என்பது. கல்முனைக் கரையிலோ குடி என்பது தாய்வழியே எண்ணப்படுவது. பள்ளிவாயலின் மரைக்காயர் குடிக்கு ஒருவராகத் தெரிவு செய்யப்பட்டதும், ஒருவனின் குடி அவன் தாயின் குடியாகவே இருப்பதும், மணமகளுக்கு வீடு கொடுத்து மணமகன் அங்குச் சென்று வாழ்வதும் இப்பகுதி முஸ்லிம்களுக்கும் அயலிலுள்ள இந்துக்களுக்கும் பொதுவான வழக்கங்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இவற்றை விரிவாக எழுதியுள்ளார்; அவருடைய பெருநூல் 2008இல் வெளிவந்தது. முக்குவர் பெண்களை மணந்ததன் வழியே இக்குடிமுறை முஸ்லிம்களிடம் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. காயற்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் பெண்வீட்டுக்குச் செல்லும் வழக்கம் இருப்பதையும், வடமலையாளத்து மாப்பிளமாரிடம் தாய்வழி முறை இருந்ததையும் நோக்கினால், வந்தவரே அதனைத் தம்மோடு கொண்டுவந்திருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்திருத்தலும் கூடும்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிவந்து மருதமுனை முதலாகத் தெற்கே உள்ள ஊர்களை அழித்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் காணி உறுதிகளும் பழைய கொப்பிகளும் கடலோடு போயின. எஞ்சியவை, கடலுக்கு மேற்கே வாழும் உறவினர் வீட்டுப் பெட்டகங்களிலும், பள்ளிவாயல் கணக்கேடுகளிலும், மூதாட்டியர் நினைவிலும் இருக்கின்றன. பாட்டி ஒருத்தி தன் குடிப்பெயரைச் சொல்லி, தன் தாயும் தாயின் தாயும் எந்த வளவில் இருந்தனர் என்று சொல்வாளாயின், அதனையும் யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று வினாவியே குறித்துக்கொள்ள வேண்டும். 4,000 பேருள் ஒருவர் பெயரையேனும் குவெய்றோஸ் எழுதவில்லை. அவர்களுள் இங்குத் தங்கியவர் எந்த வீட்டுக்கு மணமகனாகச் சென்றார், அவ்வீட்டுப் பெண் எந்தக் குடியினள் என்பதைத் தேடும் மாணவன் இனித் திறக்கவேண்டியது கோவாவில் எழுதப்பட்ட நூலையன்று, தன் தாய்வீட்டுப் பெட்டகத்தை.